முதியோர் இல்லத்திலிருந்து மாற்றப்பட்டவரை எங்கே தேடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

முதியோர் இல்லத்தில் வசிக்கும் ஒருவரை அங்கிருந்து வேறோர் ஊருக்கு மாற்றினால் அதை யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, நானும் என் கணவரும் ஏறி இறங்கிய எந்த அலுவலகத்திலும் உறுதியான பதில் கிடைக்கவில்லை. பணம் கட்டுகிறவருக்குச் சொன்னால் போதும் என்றார் ஒருவர். இரத்த உறவினர் எழுதிக் கேட்டால் சொல்லலாம் என்றார் இன்னொருவர். அது இல்லத்தை நடத்துபவரின் விருப்பம் என்று சொன்னவரும் உண்டு. பணம் கட்டுகிறவர் கடல் கடந்து இருக்கிறார், அருகில் உறவினர் என்று எவரும் இல்லை என்னும் நிலையில், ஒரு மூதாட்டி ஒரே இரவில் எல்லோருடைய பார்வையிலிருந்தும் மறைந்துபோக முடிகிறது. அப்படி மறைந்துபோன ஒருவரை நாங்கள் தேடிக் கண்டுபிடித்தோம். அவரோடு அதே வண்டியில் ஏற்றப்பட்ட இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்பது இதை எழுதும் நாள்வரை தெரியவில்லை. அதன் பொருட்டே இக்கடிதம். இதன் நீளத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் கணவர் அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றியவள். இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். கோயம்புத்தூர் மாவட்டத்தில் நாங்கள் வசிக்கும் தெருவில், எங்களுக்கு மூத்தவரான தமிழாசிரியை ஒருவர் நெடுங்காலமாகத் தனியாக வாழ்ந்துவந்தார். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை, தம்பியின் மகன் ஒருவர் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார். தெருவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க இயலாது என்றானபோது, இனித் தனியாக இருப்பது சரிப்படாது என்று அவரே முடிவெடுத்தார். தம்பி மகன் இணையத்தில் விசாரித்து, நகரை ஒட்டிய ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் முன்பணம் கட்டி இடம் பிடித்துத் தந்தார். வீட்டுச் சாவியையும் மின்வாரிய அட்டையையும் எங்களிடம் ஒப்படைத்துவிட்டு, மனக்குறை ஏதுமில்லாமல்தான் டீச்சர் அங்கே போனார்.

போன பிறகு மாதம் தவறாமல் எங்களுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவார். கைப்பேசி இருந்தும், ஐம்பது காசு அட்டையில் எழுதுவதுதான் அவருக்குப் பிடிக்கும். என் கணவரின் பதிலில் ஒற்றுப்பிழை இருந்தால் அடுத்த அட்டையில் அதைத் திருத்தி அனுப்புவார். ஒரு மாதம் அட்டை வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. கைப்பேசி அணைக்கப்பட்டிருப்பதாகவே ஒவ்வொரு முறையும் சொன்னது. இல்லத்தின் எண்ணுக்கு அழைத்தால், நன்றாக இருக்கிறார், இப்போது தூங்குகிறார், பிறகு பேசச் சொல்கிறோம் என்று ஒரு பெண் குரல் பணிவாகவே சொல்லிற்று. பொங்கலுக்கு நாங்கள் அனுப்பிய வாழ்த்து உறை சில நாட்களில் எங்களிடமே திரும்பி வந்தது. பெறுபவர் அங்கிருந்து சென்றுவிட்டார், புதிய விலாசம் விட்டுச் செல்லவில்லை என்று உறையின்மேல் தபால்காரர் எழுதியிருந்தார். அந்த வரியை எழுதுவதற்குமுன் தபால்காரர் வாசலில் நின்று யாரிடமாவது கேட்டிருப்பார் என்பது என் கணவருக்குத் தெரியும். பட்டுவாடா செய்ய முடியாத கடிதத்தை மூன்று நான்கு நாட்கள் வைத்திருந்து பார்ப்பதும் வழக்கம். அதாவது, தூங்குகிறார் என்று தொலைபேசியில் எங்களுக்குச் சொல்லப்பட்ட அதே வாரத்தில், அவர் போய்விட்டார் என்று தபால்காரருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. எங்கள் ஐயம் அந்த உறையில்தான் தொடங்கிற்று.

நேரில் சென்றபோது இல்லத்தின் பெயர்ப்பலகையே இல்லை. உள்ளே சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வாடகைக் கட்டடம், உரிமையாளர் திரும்பக் கேட்டுவிட்டார் என்றார் காவலாளி. மேலாளரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டோம். உங்கள் டீச்சரை உறவினர் வந்து அழைத்துப் போய்விட்டார் என்றார். தம்பி மகனைக் கேட்டால், அத்தை அங்கேதானே இருக்கிறார், இந்த மாதக் கட்டணம்கூட அனுப்பி ரசீது வந்துவிட்டதே என்று அதிர்ந்துபோனார். அந்த ரசீதையும் எங்களுக்கு அனுப்பினார். அழைத்துப் போனதாகச் சொல்லப்பட்டவருக்குச் செய்தியே தெரியாது. அழைத்துப் போகப்பட்டதாகச் சொல்லப்பட்டவருக்கோ மாதக் கட்டணம் தொடர்ந்து வசூலிக்கப்படுகிறது.

இந்த நிலையில் எவருக்கும் முதலில் சொத்தின்மேல்தான் சந்தேகம் போகும். தனித்து வாழும் முதியவரின் வீட்டைத் தான செட்டில்மென்ட்டாக எழுதி வாங்கிக்கொண்டு அவரைக் கைவிடுவது நம் ஊர்களில் நடக்காத ஒன்றன்று. அதற்காகவே 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிப்பதாக ஏற்று நிபந்தனையோடு பெற்ற சொத்தைப் பராமரிக்கத் தவறினால் அந்த ஆவணம் செல்லாது என்று அறிவிக்க வழி செய்கிறது. பதிவுத் துறையின் இணையதளத்தில் டீச்சரின் வீட்டுக்கு வில்லங்கம் பார்த்தோம். புதிதாக ஒரு பதிவும் இல்லை. வீடு அவர் பெயரிலேயே இருந்தது. ஆகவே அந்த வழி அடைபட்டது. வீட்டுக்காக யாரும் இதைச் செய்யவில்லை என்றால் வேறு எதற்காக என்ற கேள்வி எங்களை இன்னும் கலங்கடித்தது.

காவல் நிலையத்தில் எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, நீங்கள் அவருக்கு என்ன உறவு என்பது. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றோம். உறவினர் வந்து புகார் கொடுக்கட்டும் என்றார்கள். ஆளைக் காணவில்லை என்று புகார் கொடுக்க உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என என் கணவர் நிதானமாக எடுத்துச் சொல்லி, தம்பி மகனின் மின்னஞ்சலையும் காட்டிய பிறகு மனு ரசீது தந்தார்கள். காவலர்களை நான் குறை கூற விரும்பவில்லை. அவர்கள்முன் கிடந்த மற்ற வழக்குகளையும் பார்த்தோம். ஆனால் முதியோர் இல்லத்தில் இருக்கும் பலருக்கு உறவினர் இல்லை என்பதாலேயே அவர்கள் அங்கே இருக்கிறார்கள். உறவினர் வந்தால்தான் தேடுவோம் என்பது, அவர்களைத் தேடவே மாட்டோம் என்று சொல்வதற்குச் சமம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த துன்பம் என்று எண்ணிவிட வேண்டாம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிய ஓர் ஆசிரமத்தைப் பற்றித் தங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. 2021 இறுதியில் அங்கே சேர்க்கப்பட்ட திருப்பூரைச் சேர்ந்த முதியவர் ஒருவரைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்தபோது, அவர் அங்கே இல்லை; பெங்களூரில் உள்ள வேறொரு காப்பகத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் கிடைத்தது; பெங்களூரிலும் அவர் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலான பிறகுதான் விவகாரம் சூடுபிடித்தது. உரிய அனுமதியில்லாமல் அந்த இடம் இயங்கிவந்தது தெரியவந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். மேலும் பலரைக் காணவில்லை என்ற புகார்கள் எழுந்தன. விசாரணை சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது. அந்த ஆசிரமத்தின்மேல் கூறப்பட்ட மற்றக் கொடுமைகள் இங்கே என் பொருள் அல்ல. ஒரு முதியவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது என்பதுதான் என் நெஞ்சில் நின்றது. வழக்குத் தொடுக்க வசதியும் உறவும் அவருக்கு இருந்தன. அவை இல்லாதவருக்காக யார் தட்டுவார்கள்?

மாவட்டச் சமூக நலப் பிரிவுக்கு என் கணவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு அனுப்பினார். அந்த இல்லம் பதிவு பெற்றதா, பெற்றிருந்தால் அங்கிருந்தவர்கள் எங்கே மாற்றப்பட்டார்கள் என்பதுதான் மனு. ஒருவரின் உயிர், சுதந்திரம் தொடர்பான தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அச்சட்டத்தின் 7-ஆம் பிரிவு கூறுவதையும் எழுதியிருந்தார். வழக்கமான 30 நாள் கெடு நெருங்கியபோது வந்த பதிலில், அந்தப் பெயரில் பதிவுபெற்ற இல்லம் ஏதும் இல்லை என்றும், ஏனையவை மூன்றாம் நபர் தொடர்பான தகவல்கள் என்றும் இருந்தது. பதிவே பெறாத இல்லத்துக்குப் பதிவேட்டைக் கேட்க முடியாது என்பது விளங்கிற்று.

பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். எங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு அது உதவக்கூடும்.

டீச்சருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், இந்த இரண்டு நோய்களுக்கும் மாத்திரைகளைத் தன்னார்வலர்கள் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்த இல்லத்தில் இருந்த பெரும்பாலோருக்கும் அப்படித்தான் மாத்திரை போய்க்கொண்டிருந்தது. முதியவர்களை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். மாத்திரை இல்லாமல் அதிக நாள் வைத்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. ஓர் ஊரின் பட்டியலிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாக விடுபட்டால், வேறோர் ஊரின் பட்டியலில் அதே எண்ணிக்கையில் ஒன்றாக ஏறியாக வேண்டும். அந்தப் பகுதித் தன்னார்வலரான பெண்ணைப் போய்ப் பார்த்தேன். இரவில் ஒரு வேன் வந்தது, எல்லோரையும் ஏற்றிப் போனார்கள், அந்த மாத அட்டைகள் என் கையிலேயே நின்றுபோயின என்று அவர் சொன்னார். வேனில் எழுதியிருந்த ஊர்ப்பெயர் அவருக்குப் பாதி நினைவிருந்தது. அது பக்கத்து மாவட்டம்.

என்னோடு பணிபுரிந்த செவிலியர்கள் அந்த மாவட்டத்தின் துணை சுகாதார நிலையங்கள் சிலவற்றில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாருடைய பெயரையும் நோயையும் நான் கேட்கவில்லை. கேட்பது முறையும் இல்லை. உங்கள் பகுதியில் ஒரே முகவரியில், ஒரே வாரத்தில், சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் முதியவர்கள் பலர் சேர்ந்தாற்போல் புதிதாகப் பதிவானார்களா என்று மட்டும் கேட்டேன். ஒருவர், ஆம், பழைய கோழிப்பண்ணைக்கு அருகே ஒரு வீட்டில் என்றார். மறுநாள் காலை முதல் பேருந்தில் நானும் என் கணவரும் புறப்பட்டோம்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீண்ட கொட்டகை; வரிசையாக இரும்புக் கட்டில்கள். மூன்றாவது கட்டிலில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். உடம்பு இளைத்திருந்தது, மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத் தண்டு ஒடிந்து நூலால் கட்டப்பட்டிருந்தது. எங்களைப் பார்த்ததும், "இது எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டார். எந்த ஊரில் இருக்கிறோம் என்பதையே அவருக்கு யாரும் சொல்லவில்லை. கைப்பேசியைச் சார்ஜ் போடுவதற்காக அலுவலக அறையில் வாங்கி வைத்தவர்கள் திருப்பித் தரவில்லை. அட்டை எழுதித் தந்தால் போட்டுவிடுகிறோம் என்று வாங்கிக்கொண்டார்களாம். அவற்றில் ஒன்றுகூட எங்களை வந்தடையவில்லை. அங்கிருந்த பதிவேட்டில் அவர் பெயரின் முன்னெழுத்து தவறு, வயது தவறு, ஊர் எழுதப்படவே இல்லை. அந்தப் பெயரை வைத்து எந்த அலுவலகம் தேடியிருந்தாலும் அவர் அகப்பட்டிருக்க மாட்டார்.

ஆனால் அந்தக் கொட்டகையில் இன்னொரு பதிவேடு இருந்தது. சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியில் நாள்தோறும் கிழிக்கப்படும் தாளை டீச்சர் எடுத்து வைத்துக்கொள்வார். தாளின் பின்பக்கத்தில் அன்று நடந்ததை ஓரிரு வரிகளில் எழுதி, தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருந்தார். வேன் வந்த இரவு, அதில் ஏறியவர்களின் பெயர்கள், ஒவ்வொருவரும் தம் ஊர் என்று சொன்னது, யாருக்கு எந்த மாத்திரை, எவர் காய்ச்சலில் படுத்தார், எவரைப் பார்க்க யார் வந்தார் என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. கட்டிலில் தாள்களைப் பரப்பி வைத்து என் கணவர் தேதி வாரியாக அடுக்கினார். நாற்பது ஆண்டுகள் கடிதங்களைப் பிரித்து அடுக்கியவருக்கு அது பழக்கமான வேலைதான் என்றாலும், கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் அடுக்கினார். அந்தத் தாள்களைக் கொண்டு மேலும் சில குடும்பங்களைத் தொடர்புகொண்டோம். அவர்களில் சிலரும் தம் பெற்றோர் பழைய இல்லத்திலேயே இருப்பதாக நம்பிப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் இப்போது தெளிவு. கட்டடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தபோது, உள்ளதைச் சொன்னால் குடும்பத்தினர் தம் பெரியவர்களை அழைத்துப் போய்விடுவார்கள், மாதக் கட்டணம் நின்றுவிடும் என்று நடத்தியவர் கணக்குப் போட்டிருக்கிறார். நான்கில் ஒரு பங்கு செலவில் நடக்கும் இந்தக் கொட்டகையில் எல்லோரையும் வைத்துவிட்டு, பழைய கட்டணத்தையே வாங்கிவந்தார். கொலையோ சொத்து அபகரிப்போ இல்லை. அதனாலேயே இது எந்தக் காவலர் கண்ணிலும் குற்றமாகப் படாமல் ஓராண்டோ ஈராண்டோ ஓடியிருக்கக்கூடும். டீச்சர் இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறார். தம்பி மகன் விடுப்பு எடுத்து வந்து, வேண்டியதைச் செய்கிறார். பணம் பற்றிய புகார் தனியே நடக்கிறது. அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

எழுத வேண்டியது வேன் பட்டியலில் உள்ள ஒரு பெரியவரைப் பற்றி. தாளில் உள்ளபடி அவர் அந்த இரவு வண்டியில் ஏறினார். கொட்டகைக்கு வந்து சேர்ந்தவர்களில் இல்லை. வழியில் ஓரிடத்தில் வண்டி நின்றது, அவரை இறக்கினார்கள், மருத்துவமனை என்று சொன்னார்கள் என்று டீச்சர் எழுதியிருக்கிறார். எந்த மருத்துவமனை என்பதற்கு இல்லத்தை நடத்தியவர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் சொல்கிறார். அவருக்காகக் கட்டணம் கட்டியவர் யாரும் இல்லை. சாலையோரத்திலிருந்து யாரோ கொண்டுவந்து சேர்த்தவராம். அவருக்காகப் புகார் கொடுக்க வந்த உறவினரும் இல்லை. நாங்கள் கொடுத்த புகாருக்கு ரசீது கிடைத்திருக்கிறது; திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமும் மனு கொடுத்திருக்கிறோம்.

ஒருவர் இறந்துவிட்டால் 21 நாட்களுக்குள் அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், வீட்டுத் தலைவருக்கும் மருத்துவமனைக்கும் மட்டுமின்றி, சத்திரம், விடுதி ஆகியவற்றின் பொறுப்பாளருக்கும் அந்தக் கடமையை விதிக்கிறது. வழிப்போக்கர் ஒருவர் சத்திரத்தில் இறந்தால்கூட அரசுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று அன்றே எண்ணியிருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் முதியவரை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும்போது மட்டும் ஏன் எவருக்கும் தெரிய வேண்டியதில்லை?

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கும்படி மாவட்டத்துக்கு ஓர் இல்லமேனும் அரசு அமைக்கலாம் என்கிறது. தனியார் இல்லங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்கள் அவ்வப்போது செய்திக்குறிப்பு வெளியிடுகிறார்கள். பதிவு செய்யாதவர்களை யார் போய்ப் பார்க்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. தனியார் பராமரிப்பு இல்லங்களுக்குப் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்டது. அது நிறைவேறாமலே அந்த மக்களவையின் காலம் முடிந்தது. 2011 கணக்கெடுப்பின்படித் தமிழ்நாட்டு மக்களில் பத்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். இன்று அந்த விகிதம் அதைவிடக் கூடியிருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் இல்லத்தில் என்பது கோவை வட்டாரத்தில் சாதாரணமாகிவிட்ட வாழ்க்கை.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வழி ஏற்கெனவே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வயது வந்த எவரும் தமக்கென ஒரு பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டோ கைநாட்டு வைத்தோ நியமித்துக்கொள்ளலாம் என்கிறது. அச்சட்டத்தின்படி, மனநலச் சிகிச்சை நிலையத்தில் இருப்பவரை இன்னொரு நிலையத்துக்கு மாற்றுவதானால் அவருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் காரணத்தோடு தெரிவித்த பிறகே மாற்ற வேண்டும். இதே உரிமையை முதியோர் இல்லத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் தமிழக அரசு தன் விதிகளில் சேர்த்துத் தர வேண்டும். அந்தப் பிரதிநிதி பணம் கட்டுகிறவராக இருக்க வேண்டியதில்லை. உறவினராகவும் இருக்க வேண்டியதில்லை. பழைய மாணவராகவோ, எதிர்வீட்டுக்காரராகவோ, கோயில் அர்ச்சகராகவோ இருக்கலாம். முதியவர் தம் வாயால் சொல்பவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சேர்க்கை, இடமாற்றம், மருத்துவமனைக்கு அனுப்புதல், வெளியேற்றம், இறப்பு ஆகியவை நடந்த அன்றே அவருக்கும் மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். எவரையும் சொல்ல இயலாதவருக்கு, அந்த அலுவலரே பிரதிநிதியாக இருந்து ஆண்டுக்குச் சில முறையாவது நேரில் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

நல்ல முறையில் இல்லம் நடத்துகிறவர்கள் இதைத் தொல்லையாக எண்ணக்கூடும். அப்படிப்பட்டவர்களை நான் அறிவேன். பணியில் இருந்த காலத்தில், பெற்ற பிள்ளைகள் செய்யாததைச் செய்த ஆயாக்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் ஏற்கெனவே குடும்பத்தாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள்; அவர்களுக்கு இது ஒரு கையெழுத்து மட்டுமே. முதியவரின் அந்தரங்கம் வெளியாகிவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. அவரே தேர்ந்தெடுத்தவருக்குத்தான் செய்தி போகிறது. தம்மைப் பற்றி இன்னாருக்குச் சொல்லாதே என்று அவர் சொன்னால் அதையும் அவ்விதிகள் மதிக்கட்டும்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. தங்கள் மாவட்ட நிருபர்களைக் கொண்டு, ஒவ்வொரு மாவட்டத்திலும் பதிவுபெற்ற முதியோர் இல்லங்களின் பட்டியலைப் பெற்று வெளியிட வேண்டும். எந்த இல்லம் பட்டியலில் இல்லை என்பதை ஊர் மக்களே அதைப் பார்த்துக் கண்டுகொள்வார்கள். அடுத்தது, அந்தப் பெரியவரைப் பற்றிய குறிப்பை வெளியிட வேண்டும். வயது எண்பதுக்கு அருகில் இருக்கும், பஞ்சாலையில் வேலை பார்த்தவர் என்று உடனிருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறார், வலக்கையில் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் இல்லை, காது மந்தம், கொங்குப் பேச்சு, கடைசியாக உடுத்தியிருந்தது நீலக்கட்டம் போட்ட லுங்கியும் வெள்ளைக் கைவைத்த பனியனும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் அரசு மருத்துவமனை வார்டிலோ, காப்பகத்திலோ, பேருந்து நிலையத்திலோ இப்படி ஒருவரைக் கண்டவர்கள், முதியோர் உதவி எண்ணான 14567-க்குக் கட்டணமின்றி அழைத்துச் சொல்லலாம். அருகிலுள்ள காவல் நிலையத்திலும் தெரிவிக்கலாம். எங்கள் முகவரியையும் மனு ரசீதின் நகலையும் தங்கள் பார்வைக்கு மட்டும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கோயம்புத்தூர் மாவட்டம்.